கணக்கு டீச்சராக வேண்டுமா? சென்னைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பதினெட்டு வருஷமாகச் சென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். மே மாதம் வந்தால் பழைய மாணவர்கள் யாராவது போன் செய்து, "மிஸ், நானும் கணக்கு டீச்சர் ஆகணும், என்ன படிக்கணும்?" என்று கேட்பார்கள். அதே போனை அம்மாவோ அப்பாவோ வாங்கி இன்னும் நான்கு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு விதிகளை வைத்தே சொல்கிறேன். வயது வரம்பு, காலியிடம் போன்றவை மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் வருஷத்து அறிவிக்கையை ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். கணக்கு ஆசிரியராக இன்னும் எத்தனை வருஷம் படிக்க வேண்டும்?

ஐந்து வருஷம். மூன்று வருஷம் பி.எஸ்சி. கணிதம், அதன்பின் இரண்டு வருஷம் பி.எட். நான் படித்த காலத்தில் பி.எட். ஒரே வருஷம்தான். தேசிய ஆசிரியர் கல்வி மன்றம் 2014-ல் கொண்டுவந்த விதிமுறைகளால் 2015-16 முதல் அது இரண்டு வருஷமாகிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் "ஒரு வருஷம்தானே" என்று சொன்னால் அது பழைய கணக்கு.

பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே வருஷத்தில் முடிக்கும் ஒருங்கிணைந்த படிப்பும் உண்டு. மைசூருவில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்ற இடம். தமிழ்நாட்டிலிருந்து பல பிள்ளைகள் அங்கே போய்ப் படித்து வந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பில் சேர தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்தும் என்செட் (NCET) என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஆசிரியர் வேலைதான் என்று பதினேழு வயதிலேயே முடிவு செய்துவிட்ட பிள்ளைக்கு இது நல்ல வழி. அப்படி முடிவாகாத பிள்ளை பி.எஸ்சி.யில் சேரட்டும். மூன்று வருஷத்தில் மனம் தெளிய நேரம் கிடைக்கும்.

பி.எட்.டை மறுபடி ஒரு வருஷமாக்கும் வரைவு விதிமுறை 2025-ல் வந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். வரைவை நம்பி வாழ்க்கைத் திட்டம் போட வேண்டாம்.

பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பேச்சில் பி.டி. அசிஸ்டென்ட். இதற்குப் பட்டமும் பி.எட்.டும், அவற்றோடு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு நடத்துபவர் முதுகலை ஆசிரியர், அதாவது பி.ஜி. அசிஸ்டென்ட். இதற்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். டெட் தேவையில்லை, நேரடியாக ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் போட்டித் தேர்வு.

பி.எஸ்சி. கணிதம்தான் படித்திருக்க வேண்டுமா? நான் பி.இ. முடித்தவன்.

பொறியியல் படித்தவர்களும் பி.எட்.டில் சேரலாம். தேசிய மன்றத்தின் விதிப்படி கணிதமும் அறிவியலும் சிறப்பாகக் கொண்ட பொறியியல் பட்டமும் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் பி.எட்.டில் சேர முடிவது ஒன்று, அதை வைத்து நீங்கள் நினைக்கும் பணியிடத்துக்கு விண்ணப்பிக்க முடிவது வேறொன்று. பொறியியலோ, பெயரில் 'பயன்பாட்டு', 'கணினி' என்று ஒட்டிக்கொண்ட வேறு பட்டமோ வைத்திருப்பவர்கள், தங்கள் பட்டம் பி.எஸ்சி. கணிதத்துக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டணம் கட்ட வேண்டும். தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்தபின் "உங்கள் பட்டம் சமமில்லை" என்று கேட்டவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை மாறக் கூடாது. பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியிருந்தால் பி.எட். கதவு திறக்காது.

பட்டத்தில் 47 சதவீதம்தான் வாங்கியிருக்கிறேன். பி.எட். கிடைக்குமா?

நீங்கள் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவு என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்: பொதுப் பிரிவு 50, பிற்படுத்தப்பட்டோர் 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 43, பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 40. இது விண்ணப்பிக்கத்தான். அரசுக் கல்லூரி இடத்துக்குப் போட்டி அதிகம், அங்கே உள்ளே போகும் மதிப்பெண் இதைவிட நன்றாகவே மேலே இருக்கும். நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப் படிப்பின் மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பி.எஸ்சி. முதல் செமஸ்டரிலிருந்தே அரியர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் பி.எட். எங்கே படிப்பது?

சைதாப்பேட்டையில் உள்ள அரசு மேம்பாட்டுக் கல்வியியல் நிறுவனம் 1856-ல் தொடங்கிய மரபு. பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றது அங்கேதான். கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கம், 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் கல்வியியல் நிறுவனம் பெண்களுக்கானது. இவை இரண்டும் அரசுக் கல்லூரிகள். அரசு உதவி பெறுபவை என்றால் ராயப்பேட்டை மெஸ்டன், வேப்பேரி செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், அசோக் நகர் ஸ்டெல்லா மாட்டுடினா, திருவல்லிக்கேணி என்.கே.டி. ஆகியவை. அரசுக் கல்லூரி இடங்களும், உதவி பெறும் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் நிரம்புகின்றன.

பட்டம் தருவது 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். அது காரப்பாக்கத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "வகுப்புக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று ஏஜென்ட் யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். பணம் போவது கிடக்கட்டும். பயிற்சியே இல்லாமல் நாற்பது பிள்ளைகள் முன்னால் போய் நிற்கப்போவது நீங்கள்தான்.

பி.எட். என்றால் ரெக்கார்ட் நோட்டு எழுதுவதுதானே?

ரெக்கார்ட் நிறைய உண்டு, மறுக்க மாட்டேன். சார்ட் ஒட்டி, பாடக்குறிப்பு எழுதி, விளிம்பில் கலர் கோடு போட்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் அதில் இல்லை, கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் குறைந்தது 20 வாரம் உண்மையான பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன்னால் நுண்ணிலைக் கற்பித்தல் வரும். உங்கள் வகுப்புத் தோழிகளே மாணவிகளாக உட்கார, ஐந்தாறு நிமிஷத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவீர்கள். இன்றைக்குக் கேள்வி கேட்பது, நாளைக்குக் கரும்பலகையைப் பயன்படுத்துவது என்று. அப்போது சிரிப்பாக இருக்கும். பலகைக்கு முதுகைக் காட்டியபடியே முழுக் கணக்கையும் போட்டு முடிக்கிற பழக்கம் அங்கேதான் உடைகிறது.

என் முதல் நாளைச் சொல்கிறேன். வடசென்னையில் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு, முழுக்களின் பெருக்கல். நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு எழுதிப் போன பாடக்குறிப்பு பன்னிரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. கடைசி பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியை. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது, ஒரு பெண் எழுந்து, "மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் மிஸ் பிளஸ் ஆகுது?" என்றாள். நான், "அது ரூல்மா, மனப்பாடம் பண்ணிக்கோ" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த விதம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அன்று சாயங்காலம் வழிகாட்டி ஆசிரியை ஒரு துண்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. "ஒவ்வொரு படிக்கும் என்ன ஆகுது?" என்றார். இரண்டு கூடுகிறது. "அடுத்த படி (−1) × (−2). இப்போ நீயே சொல்லு." இரண்டு! மறுநாள் அந்தப் பெண்ணை எழுப்பி, அவளையே பலகையில் எழுத வைத்தேன். பி.எட். எனக்குக் கொடுத்தது அந்தத் துண்டுத் தாள்தான். அதற்காகவே போகலாம்.

கல்லூரியில் படிக்கும் ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா எல்லாம் பள்ளியில் எங்கே பயன்படப்போகிறது?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. 'இதெல்லாம் எதற்கு' என்று நினைத்து மனப்பாடம் செய்து பாஸான பிள்ளை, பிறகு ஒன்பதாம் வகுப்பில் மாட்டிக்கொள்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் பாடம். சுழல் தசமத்தைப் பின்னமாக மாற்றும் கணக்கு. 0.999… என்பதை மாற்றினால் 1 வருகிறது. உடனே ஒரு கை உயரும்: "மிஸ், கொஞ்சமாவது குறையணுமே!" மூன்றில் ஒன்று 0.333…, அதை மூன்றால் பெருக்கினால் 0.999…, ஆக 1 என்று சொல்லலாம். பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். விடாமல் கேட்கும் பிள்ளைக்கு, 'முடிவில்லாமல் போவது' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் ரியல் அனாலிசிஸில் எல்லை என்றும், தொடரின் ஒருங்கல் என்றும் படித்தீர்கள். அதைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லப் போவதில்லை. ஆனால் தெரிந்தவர் சொல்லும் எளிய பதிலும் தெரியாதவர் சொல்லும் எளிய பதிலும் ஒன்றல்ல, பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கல்லூரிக் கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள்கூட ஆறாம் வகுப்புக் கணக்கை 'சுலபம்' என்று தாண்டிவிடுகிறார்கள். 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பையன் எழுதினான். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகர்வது ஒரு நொடி வேலை. "எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன். "முதல் ஓவர்ல ரெண்டு பந்துல ஒரு சிக்ஸ், அடுத்த ஓவர்ல மூணு பந்துல ஒரு சிக்ஸ். மொத்தம் அஞ்சு பந்துல ரெண்டு சிக்ஸ், அப்போ அஞ்சுல ரெண்டுதானே மிஸ்?" சேப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி யோசிப்பான்? அவன் சொன்னதில் தப்பே இல்லை. அது இரண்டு எண்ணிக்கைகளைச் சேர்க்கிற கணக்கு. நான் கேட்டதோ, ஒரே பூரியில் பாதியும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு என்பது. "பாதிப் பூரியையே சாப்பிட்டாச்சு, அதுக்கு மேல இன்னொரு துண்டு. பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டதும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். 2/5 பாதியைவிடக் குறைவு.

பி.எட். படிக்கும் இரண்டு வருஷமும் ஆறு முதல் பத்து வரையிலான பாடநூல்களை, பயிற்சிக் கணக்கு உட்பட, ஒன்றுவிடாமல் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று எழுதி, பதிலையும் எழுதுங்கள். இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

நான் ஆங்கில வழியில் படித்தேன். தமிழ் வழி வகுப்பை நடத்த முடியுமா?

முடியும், கலைச்சொற்களைப் பழகிக்கொண்டால். ஃபங்ஷன் சார்பு, மேட்ரிக்ஸ் அணி, ஸ்லோப் சாய்வு, டேன்ஜென்ட் தொடுகோடு, பாலினோமியல் பல்லுறுப்புக் கோவை. சீக்வென்ஸ் தொடர்வரிசை, சீரீஸ் தொடர். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி நானே பிள்ளைகளைக் குழப்பியிருக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டு வழிப் பாடநூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

பட்டத்தையும் பி.எட்.டையும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வேறொரு பலம் உண்டு. அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் அந்தந்த நேரத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் பி.எட். படிக்கலாமா?

எல்லோராலும் முடியாது. தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர்களுக்கும் மட்டும். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஐ.டி. கம்பெனியில் இருப்பவர் இந்த வழியில் வர முடியாது.

டெட் தேர்வைப் பற்றிச் சொல்லுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய மன்றம், ஒன்று முதல் எட்டு வரை நடத்துபவர்களுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. பட்டதாரி ஆசிரியர் ஆறு முதல் பத்து வரை நடத்துவதால் அவருக்கும் அது கட்டாயம். இங்கே நடத்துவது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், முன்பு டி.பி.ஐ. வளாகம் என்று அழைக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் உள்ள ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி.

நீங்கள் எழுத வேண்டியது இரண்டாம் தாள். 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. கணக்கு டீச்சராகப் போகிறவர் செரிமான மண்டலத்தையும் ஒளிச்சேர்க்கையையும் படித்தே ஆக வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்கள் ஆறு முதல் பத்து வரை அறிவியல் புத்தகத்தைத் தரையிலிருந்து தொடங்குங்கள். தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014-ல் 82 ஆகக் குறைத்தார்கள்; இப்போதைய அளவை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு சான்றிதழ் ஏழு வருஷம்தான் செல்லும். 2021-ல் அதை ஆயுளுக்கும் என்று மாற்றினார்கள். ஆனால் தமிழ்நாட்டில் டெட் ஆண்டுதோறும் வருவதில்லை. 2013-க்குப் பிறகு 2017 வரை காத்திருந்த தலைமுறையை எனக்குத் தெரியும். பி.எட். இறுதியாண்டில் இருப்பவர்களையும் எழுத விட்டிருக்கிறார்கள். அறிவிக்கை வந்தால் 'அடுத்த முறை' என்று தள்ளிப்போடாதீர்கள்.

டெட் பாஸ் என்றால் வேலை உறுதிதானே?

இல்லை. டெட் தகுதி மட்டும்தான். 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட்டில் தேர்ச்சி பெற்றவர்கள் தனியாக ஒரு நியமனப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு அப்படித்தான் நடந்தது. முதலில் தமிழ்த் தகுதித் தாள் 50 மதிப்பெண்ணுக்கு. அதில் 20 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். பிறகு பாடத் தாள் 150 மதிப்பெண்ணுக்கு. அங்கே வருவது பட்டப் படிப்புக் கணக்கு. பி.எஸ்சி. நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்கள் அன்று வருத்தப்பட்டார்கள்.

இரண்டு தேர்வுக்கும் ஒரே நேரத்தில் தயாராவது கஷ்டம். டெட்டுக்குப் பள்ளிப் புத்தகம், நியமனத் தேர்வுக்குக் கல்லூரிப் புத்தகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோச்சிங் சென்டருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மனம் தளர வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படித்தே பணியில் சேர்ந்த இரண்டு பேர் இன்று என் சக ஆசிரியர்கள்.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் டெட் எழுத வேண்டுமாமே?

ஆம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. புதிதாக வரும் உங்களுக்கு இதனால் மாற்றம் ஒன்றுமில்லை.

தனியார் பள்ளி, சி.பி.எஸ்.இ., கேந்திரிய வித்யாலயா என்றால்?

தனியார் பள்ளிகளும் பி.எட். கேட்கும். கேந்திரிய வித்யாலயாவுக்கு மாநில டெட் கிடையாது, சி.பி.எஸ்.இ. நடத்தும் சி-டெட் இரண்டாம் தாள். பட்டத்தில் கணிதத்தோடு இயற்பியல், வேதியியல், மின்னணுவியல், கணினி அறிவியல், புள்ளியியல் இவற்றில் ஏதாவது இரண்டைப் படித்திருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். பி.எஸ்சி. முதல் ஆண்டில் துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

சம்பளம்?

அரசுப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் ₹36,400-ல் தொடங்கும். முதுகலை ஆசிரியருக்கு ₹36,900. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. தனியார் பள்ளிகளில் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும், பல இடங்களில் இதில் பாதிகூடத் தேறாது.

எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகள். இனிமேல் முடியுமா?

முடியும் அக்கா. பட்டதாரி ஆசிரியர் நேரடி நியமனத்தின் உச்ச வயதை அரசு 2023-ல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியது. உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, ஒரு குழந்தை எங்கே முழிக்கும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது தெரியாது. வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொள்ளுங்கள்: பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் அந்த வாரங்களில் சமையலையும் குழந்தைகளையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பி.எட். முடித்துவிட்டேன், தேர்வு அறிவிக்கை வரவில்லை. அதுவரை என்ன செய்வது?

நடத்திக்கொண்டே இருங்கள். தெருவில் நான்கு பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தாலும் அது வகுப்புதான். திருவல்லிக்கேணியில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் கணிதத் திறன் போட்டி நடத்துகிறது, இதழ்கள் வெளியிடுகிறது. அந்தப் போட்டியின் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள்.

ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. முத்தியால்பேட்டையில் பள்ளிக் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் 1993-ல் உருவாக்கியது. கணித மேதைக்குக் காட்சியகம் அமைக்க வேண்டும் என்று நினைத்து அதை நடத்திக் காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போய், ஒரு நாளைச் செலவிடுங்கள். போகும்போது உங்கள் நான்கு பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.